ஒரு வளரும் நாட்டின் சரக்கு ஏற்றுமதியை அளப்பது எப்படி? தரவு எடுப்பது முதல் முடிவு எழுதுவது வரை

நாகர்கோவிலில் என் வீட்டு மாடிக்கு ஒவ்வொரு வருஷமும் ஜனவரி தாண்டியதும் எம்.ஏ., எம்.காம். பிள்ளைகள் ப்ராஜெக்ட்டோடு ஏறி வருவார்கள். தலைப்பு பெரும்பாலும் இன்ன நாட்டின் ஏற்றுமதிச் செயல்பாடு என்றிருக்கும். கையில் வரைபடம் தயாராக இருக்கும், கோடு மேலே ஏறிக்கொண்டிருக்கும். "அண்ணே, ஏற்றுமதி நல்லா வளந்திருக்கு, முடிவுரை மட்டும் எழுதணும்" என்பார்கள். எதோடு ஒப்பிட்டு நல்லா வளர்ந்திருக்கிறது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். உதாரணத்துக்கு இலங்கையை எடுத்துக்கொள்கிறேன். எண்கள் சிறியவை, கையால் சரிபார்க்கலாம். தவறு செய்யும் வாய்ப்பு எல்லாமும் அந்த ஒரு நாட்டிலேயே இருக்கிறது.

தொடங்கும் முன்

ஒரு கணினி, எக்செல், குறைந்தது பத்து வருஷத் தரவு. இவ்வளவு போதும். கூடவே ஒரு தாளில் இதை எழுதி முன்னால் ஒட்டிவையுங்கள்: 1 மில்லியன் = 10 லட்சம், 1 பில்லியன் = 100 கோடி, 1 டிரில்லியன் = 1 லட்சம் கோடி. ஐ.நா.வின் வர்த்தகத் தரவுத் தளமான காம்ட்ரேட் முழு டாலரில் தரும், மத்திய வங்கிகள் மில்லியனில் தரும், நம் செய்தித்தாள்கள் கோடியில் போடும். மூன்றையும் ஒரே தாளில் கலந்து, இலங்கையின் ஏற்றுமதி இந்தியாவினுடையதைவிட அதிகம் என்று காட்டிய அட்டவணையை நான் பார்த்திருக்கிறேன்.

எக்செல் கோப்பின் முதல் தாளைத் தரவுக்குப் பயன்படுத்தாதீர்கள். எந்த எண் எந்தத் தளத்தில், எந்தத் தேதியில் எடுத்தது என்ற குறிப்புக்கு அதை ஒதுக்குங்கள். ஏன் என்பது கடைசிப் படியில் தெரியும்.

1. கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

"இலங்கையின் ஏற்றுமதிச் செயல்பாடு" என்பது தலைப்புதான், கேள்வி ஆகாது. "2000க்கும் 2023க்கும் இடையில் இலங்கை உலகச் சந்தையில் தன் இடத்தைப் பிடித்து வைத்ததா, இழந்ததா?" என்பது கேள்வி. அளவுகோல் அந்த வரிக்குள்ளேயே வந்துவிடுகிறது.

ஒப்பிட மூன்று விஷயங்கள் உண்டு: நாட்டின் பழைய நிலை, உலகம், அதே நிலையிலுள்ள இன்னொரு நாடு. முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டால் எந்த நாடும் வளர்ந்ததாகத்தான் தெரியும். விலைவாசி ஏறுகிற உலகத்தில் கோடு மேலே போவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. இரண்டாவது கட்டாயம். மூன்றாவதுக்கு இலங்கையோடு வங்கதேசத்தையோ வியட்நாமையோ வையுங்கள், சிங்கப்பூரை வைக்காதீர்கள்.

2. எதை எண்ணுகிறோம் என்று எல்லை போடுங்கள்

சரக்கு ஏற்றுமதி என்றால் சுங்கம் தாண்டிப் போகும் பொருள். மென்பொருள், சுற்றுலா, கப்பல் கூலி எல்லாம் சேவை. உலக வங்கித் தளத்தில் "பொருள் மற்றும் சேவை ஏற்றுமதி" என்ற தொடர் முதலில் கண்ணில் படும், பலரும் அதையே இறக்கிவிடுவார்கள். வித்தியாசம் சின்னதில்லை. 2023-24இல் இந்தியாவின் மொத்த ஏற்றுமதி சுமார் 778 பில்லியன் டாலர் என்று சொன்னார்கள். அதில் சரக்கு 437 மட்டுமே.

அடுத்த குழப்பம் துறைமுகம். கொழும்பில் வருஷத்துக்கு 70 லட்சம் கன்டெய்னர் பெட்டி அளவுக்குக் கையாளுகிறார்கள், அதில் பெரும்பகுதி ஒரு கப்பலிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்றுவது. அது இலங்கையின் ஏற்றுமதிக் கணக்கில் வராது. நம் மாவட்ட எல்லையைத் தாண்டினால் கொஞ்ச தூரத்தில், 2025 மே மாதம் முறைப்படி திறந்த விழிஞ்ஞம் துறைமுகத்துக்கும் இதே விதி. அங்கே எத்தனை பெரிய கப்பல் வந்தாலும், மாற்றி ஏற்றும் பெட்டி இந்திய ஏற்றுமதி ஆகாது.

மறுஏற்றுமதி வேறு. நாட்டுக்குள் இறக்குமதியாகி, பெரிய மாற்றமில்லாமல் திரும்பப் போகும் சரக்கு அது. பல நாடுகள் இதை ஏற்றுமதியில் சேர்த்தே வெளியிடும். தனியாகக் கிடைத்தால் கழித்துவிடுங்கள். கிடைக்காவிட்டால் சேர்ந்திருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள்.

3. தரவை ஒரே ஊற்றிலிருந்து எடுங்கள்

மொத்தத் தொகைக்கு உலக வர்த்தக அமைப்பு அல்லது உலக வங்கி, பொருள் வாரியாக காம்ட்ரேட், சரிபார்க்க அந்த நாட்டின் மத்திய வங்கி. ஒரே தொடரில் பாதி வருஷம் ஒரு தளம், மீதி வருஷம் இன்னொரு தளம் என்று ஒட்டுப் போடாதீர்கள். ஒட்டிய இடத்தில் ஒரு போலி ஏற்றமோ இறக்கமோ வரும், அதற்கு நீங்கள் காரணம் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

வருஷத்தையும் பாருங்கள். இலங்கைக் கணக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை. இந்தியாவில் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கும், வங்கதேசத்திலும் பாகிஸ்தானிலும் ஜூலையில். உலகத்தின் மொத்தமோ நாட்காட்டி ஆண்டில்தான் கிடைக்கும். நிதியாண்டுத் தொகையை நாட்காட்டி ஆண்டுத் தொகையால் வகுக்காதீர்கள்.

பொருள் வாரியாகப் போகிறவர்களுக்குப் பெரிய பள்ளம் எச்.எஸ். குறியீடு, அதாவது ஒவ்வொரு வகைச் சரக்குக்கும் சுங்கத்தில் போடும் எண். ஆறு இலக்கம் வரை உலகம் முழுக்க ஒன்றுதான், ஆனால் ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை திருத்துவார்கள்: 2002, 2007, 2012, 2017, 2022. குளச்சல் பையன் ஒருவன் உறைந்த இறாலை எடுத்திருந்தான், குறியீடு 030613. 2011 வரை கோடு அழகாக ஏறியது. 2012இல் செங்குத்தாக விழுந்து பூஜ்யம். "கடல்ல இறால் தீந்துபோச்சா மக்கா?" என்று கேட்டேன். அவன் அதற்கு உலகப் பொருளாதார மந்தம் என்று ஒரு பத்தியே எழுதி வைத்திருந்தான். நடந்தது என்னவென்றால், 2012 திருத்தத்தில் 030613 எடுபட்டு, குளிர்நீர் இறால் 030616 ஆகவும் மற்றவை 030617 ஆகவும் பிரிந்துவிட்டன.

தென்னை நாருக்கு இதற்கு நேர்மாறு. 2007 திருத்தத்தில் தனிக் குறியீடு போய், அபாக்கா, ராமி நார்களோடு 530500 என்ற ஒரே பெட்டிக்குள் சேர்ந்துவிட்டது. அதனால் தரவை இறக்கும்போதே எல்லா வருஷத்துக்கும் ஒரே பழைய பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். அப்போதும் திருத்தம் வந்த வருஷங்களைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

4. எதிர்ப்பக்கக் கணக்கோடு மோதிப் பாருங்கள்

ஒரு நாடு விற்றேன் என்று சொல்வதை, வாங்கிய நாடுகள் வாங்கினேன் என்று பதிந்திருக்கும். இதைக் கண்ணாடித் தரவு என்பார்கள். மற்ற எல்லாக் கணக்குக்கும் முன்னால் இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அடித்தளத்து எண்ணே தப்பு என்றால் பின்னால் போடும் விகிதம், குறியெண் எல்லாம் வீண்.

வங்கதேசம் 2024இல் இதற்கு நல்ல பாடம். ஏற்றுமதி ஊக்குவிப்பு அமைப்பு வெளியிட்டுவந்த தொகைக்கும் மத்திய வங்கியின் கணக்குக்கும், 2023-24 நிதியாண்டின் முதல் பத்து மாதத்திலேயே 10 பில்லியன் டாலருக்கு மேல் இடைவெளி. ஒரே சரக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் எண்ணப்பட்டது முக்கியக் காரணம். பழைய எண்ணை நம்பி எழுதிய கட்டுரைகள் எல்லாம் அப்படியே நிற்கின்றன.

செய்முறை எளிது. நாட்டின் முதல் பத்து வாடிக்கையாளர் நாடுகளை எடுங்கள். அவர்கள் பதிந்த இறக்குமதியைக் கூட்டி, அந்தப் பத்து நாடுகளுக்கு அனுப்பியதாக நம் நாடு பதிந்த ஏற்றுமதியோடு பக்கத்தில் வையுங்கள். இரண்டும் அச்சாக ஒத்துப்போகாது. ஏற்றுமதி எஃப்.ஓ.பி. மதிப்பில், அதாவது கப்பலில் ஏற்றும்வரை உள்ள விலையில் பதிவாகும். இறக்குமதி சி.ஐ.எஃப்.பில், கப்பல் கூலியும் காப்பீடும் சேர்த்துப் பதிவாகும். பன்னாட்டு நிதியம் இதற்கு முன்பு 10 சதவீதம் வைத்திருந்தது, பின்பு 6 ஆக்கியது. ஆகவே வாங்கியவர் கணக்கு ஆறு முதல் பத்து சதவீதம் கூடுதலாக இருந்தால் கவலைப்படாதீர்கள். டிசம்பரில் புறப்பட்ட கப்பல் ஜனவரியில் சேர்வதால் வரும் வித்தியாசமும் இயல்பு. வாங்கியவர் கணக்கு தொடர்ந்து பல வருஷம் குறைவாக இருந்தால்தான் நின்று விசாரிக்க வேண்டும்.

5. நாணயத்தைத் தீர்மானியுங்கள்

டாலரில் அளங்கள். உள்நாட்டு நாணயத்தில் அளந்தால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையின் 2022ஐவிட நல்ல உதாரணம் இல்லை.

2021இல் ஏற்றுமதி 12.5 பில்லியன் டாலர், டாலருக்குச் சராசரியாகச் சுமார் 200 இலங்கை ரூபாய். ஆக 2.5 லட்சம் கோடி ரூபாய். 2022 மார்ச்சில் ரூபாய் சரிந்தது, அந்த வருஷச் சராசரி 320ஐத் தாண்டியது. ஏற்றுமதி 13.1 பில்லியன் டாலர். ரூபாயில் சுமார் 4.2 லட்சம் கோடி. அதாவது ரூபாயில் 68 சதவீத வளர்ச்சி, டாலரில் 5 சதவீதத்தைத் தொடவில்லை. நாடு பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற வருஷம் அது. ரூபாய்க் கணக்கை மட்டும் பார்த்தால் பொற்காலம்.

ரூபாய்த் தரவு மட்டுமே கையில் இருந்தால் மாதம் மாதமாக மாற்றுங்கள். இப்படிப்பட்ட வருஷத்தில் ஒரே சராசரி விகிதத்தால் வகுத்தால் தப்பு வரும்.

6. வளர்ச்சியை விளிம்பு வருஷத்தில் தொங்கவிடாதீர்கள்

2020இல் இலங்கை ஏற்றுமதி 10 பில்லியன், 2021இல் 12.5. வளர்ச்சி 24 சதவீதத்துக்கு மேல். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கொரோனாவுக்கு முந்தைய 2019இல் 11.9 பில்லியன் இருந்தது. இரண்டு வருஷத்துக்குச் சேர்த்தே ஏறியது 5 சதவீதத்துக்கும் குறைவு. பள்ளத்திலிருந்து அளந்தால் மேடு எல்லாம் மலையாகத் தெரியும்.

தொடக்கத்திலும் முடிவிலும் மூன்று வருஷச் சராசரி வைப்பது சுலபமான மருந்து. 2017 முதல் 2019 வரை சராசரி 11.7, 2021 முதல் 2023 வரை 12.5. நடு வருஷங்களுக்கு இடையே நான்கு ஆண்டு. கூட்டு வளர்ச்சி வருஷத்துக்கு சுமார் 1.6 சதவீதம். வரைபடத்தில் இந்தக் கோடு அசிங்கமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

7. விலை ஏறியதா, சரக்கு கூடியதா என்று பிரியுங்கள்

மதிப்பு என்பது விலையும் அளவும் பெருகிய தொகை. செயல்பாடு என்று நாம் கேட்பது பெரும்பாலும் அளவைத்தான். இலங்கைத் தேயிலை 2021இல் 286 மில்லியன் கிலோ போனது, 2022இல் 250. ரசாயன உரத்துக்கு 2021இல் போட்ட தடையின் அடி அது. ஆனால் வருமானம் குறைந்தது 5 சதவீதம் மட்டும், உலக விலை கைகொடுத்ததால். டாலரை மட்டும் பார்த்தால் சின்ன சறுக்கல். கிலோவைப் பார்த்தால் 12 சதவீதத்துக்கு மேல் வீழ்ச்சி.

எண்ணெய் சேர்ந்த நாட்டில் இது இன்னும் மோசம். இந்தியச் சரக்கு ஏற்றுமதி 2022-23இல் 451 பில்லியன், அடுத்த வருஷம் 437. குறைந்த 14 பில்லியனில் சுமார் 13 பெட்ரோலியப் பொருட்களில் மட்டும் குறைந்தது. ஆகவே பெட்ரோலியம் நீக்கி ஒரு வரி கட்டாயம் போடுங்கள். மொத்தத்துக்கு அளவுக் குறியெண், அதாவது விலையை நீக்கி அளவின் மாற்றத்தை மட்டும் காட்டும் எண், வேண்டுமென்றால் ஐ.நா.வின் அங்டாட் தளத்திலோ அந்நாட்டு மத்திய வங்கியிலோ கிடைக்கும்.

8. உலகப் பங்கைக் கணக்கிடுங்கள்

நாட்டின் ஏற்றுமதியை உலக ஏற்றுமதியால் வகுத்தால் வந்துவிடும். செய்வது ஒரே வகுத்தல், ஆனால் மொத்த வேலையின் மையம் இதுதான்.

2000இல் இலங்கை 5.5 பில்லியன், உலகம் சுமார் 6.5 டிரில்லியன். பங்கு 0.085 சதவீதம். 2023இல் இலங்கை 11.9 பில்லியன், உலகம் சுமார் 23.8 டிரில்லியன். பங்கு 0.05 சதவீதம். டாலரில் இரண்டு மடங்குக்கு மேல் வளர்ந்த நாடு தன் இடத்தில் ஐந்தில் இரண்டு பங்கை இழந்திருக்கிறது. பழைய பங்கைப் பிடித்து வைத்திருந்தாலே 2023இல் 20 பில்லியன் வந்திருக்கும். மாடிக்கு வரும் பிள்ளைகள் இந்த ஒரு கட்டத்தை எக்செல்லில் நிரப்பியதும் முடிவுரையைத் தாங்களாகவே அழிப்பார்கள்.

ஜி.டி.பி.யில் ஏற்றுமதி எவ்வளவு சதவீதம் என்பதையும் போடலாம். இலங்கையில் 2000இல் மூன்றில் ஒரு பங்கு, 2023இல் ஏழில் ஒரு பங்கு. ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். 2022இல் அந்த விகிதம் ஏறியது. ரூபாய் சரிந்து டாலரில் ஜி.டி.பி. சுருங்கியதுதான் அதற்குப் பெரிய காரணம்.

9. பங்கு ஏன் மாறியது என்று பிரித்துப் பாருங்கள்

பங்கு குறைந்தவுடன் "போட்டித்திறன் இல்லை" என்று எழுதிவிடுவது அடுத்த அவசரம். நாடு விற்கும் பொருளுக்கே உலகத்தில் கிராக்கி குறைந்திருக்கலாம். இதைப் பிரிக்கத்தான் மாறாப் பங்கு என்ற கணக்கு.

பேச்சுக்கு ஒரு நாடு 100 ரூபாய்க்கு ஏற்றுமதி செய்கிறது: ஆடை 80, மின்னணு 20. உலகத்தில் ஆடை வணிகம் 10 சதவீதம் வளர்கிறது, மின்னணு 60, எல்லாப் பொருளும் சேர்ந்து 40. நாட்டின் ஏற்றுமதி 125 ஆகிறது.

உலகத்தோடு சேர்ந்து வளர்ந்திருந்தால் 140 வந்திருக்க வேண்டும். 15 குறைவு. இப்போது ஒவ்வொரு பொருளிலும் பழைய பங்கைப் பிடித்து வைத்திருந்தால் என்ன வரும் என்று பாருங்கள். ஆடை 88, மின்னணு 32, கூட்டினால் 120. ஆக, உலக வளர்ச்சியால் வரவேண்டியது 40, தவறான பொருளில் நின்றதால் இழந்தது 20, சொந்தத் திறமையால் சம்பாதித்தது 5. நாற்பதில் இருபது போய் ஐந்து சேர்ந்து 25. தொழிற்சாலைக்காரன் நன்றாகத்தான் செய்திருக்கிறான். நின்ற இடம்தான் சரியில்லை.

இதே வேலையை நாடுகள் வாரியாகவும் செய்யலாம். பொருளை முதலில் பிரித்துவிட்டுச் சந்தையைப் பிரித்தால் ஒரு விடை, மாற்றிச் செய்தால் இன்னொரு விடை வரும். எதை முதலில் செய்தீர்கள் என்று எழுதிவிட்டால் பிரச்சினை இல்லை. கடைசியில் மிஞ்சும் எண் மிச்சம்தான். வரி, தடை, நாணய மாற்று விகிதம், அதிர்ஷ்டம் எல்லாம் அதற்குள் கிடக்கும். அதற்குப் "போட்டித்திறன்" என்று பெயர் வைப்பது வழக்கம், அப்படியே விழுங்கத் தேவையில்லை.

10. குவியலை அளங்கள்

ஒவ்வொரு பொருளின் பங்கையும் தன்னாலேயே பெருக்கிக் கூட்டினால் ஹெர்ஃபிண்டால் குறியெண். ஒன்றை நெருங்க நெருங்க, நாடு ஒரே காலில் நிற்கிறது என்று அர்த்தம். இங்கே ஏமாற்றுவது, பொருட்களைப் பிரித்துப் போடும் பெட்டியின் அளவு. ஏற்றுமதியில் 80 சதவீதம் ஆடை என்றால் 0.8ஐ 0.8ஆல் பெருக்கி 0.64. அதே ஆடையைப் பின்னலாடை 40, நெய்த ஆடை 40 என்று இரண்டாக்கினால் 0.32. நாடு மாறவில்லை, குறியெண்ணில் ஆடையின் பகுதி பாதியாகிவிட்டது. ஒப்பிடும் எல்லா நாட்டுக்கும் எச்.எஸ். குறியீட்டில் ஒரே இலக்க அளவை வையுங்கள்.

நாட்டின் ஏற்றுமதியில் ஒரு பொருளின் பங்கை, உலக ஏற்றுமதியில் அதன் பங்கால் வகுத்தால் பலாசா குறியெண். அதைப் போடுகிறவர்களுக்கு ஒரே எச்சரிக்கை. இலங்கை ஏற்றுமதியில் தேயிலை சுமார் 11 சதவீதம், உலக வணிகத்திலோ தேயிலைக்குப் பேருக்குத்தான் பங்கு. வகுத்தால் விடை நூற்றுக்கணக்கில் வரும். ஒன்றுக்கு மேலா கீழா என்று மட்டும் பாருங்கள். தேயிலைக்கு இத்தனை நூறு, ரப்பருக்கு இத்தனை என்று தரவரிசை போடாதீர்கள்.

11. உள்நாட்டில் தங்கியது எவ்வளவு என்று கேளுங்கள்

மார்த்தாண்டம் பக்கம் ஒரு அண்டி ஆபீசுக்குள் போய்ப் பாருங்கள். முந்திரித் தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வாசலில் அடுக்கியிருக்கும் 80 கிலோ சணல் சாக்குகளில் பல, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை. வறுத்து, உடைத்து, தோல் உரித்து, தரம் பிரித்தால் நல்ல சாக்கில் 20, 22 கிலோ பருப்பு கிடைக்கும். அது ஏற்றுமதியாகும்போது சுங்கத்தில் பருப்பின் முழு விலையும் இந்திய ஏற்றுமதியாகப் பதிவாகும். சாக்குக்குக் கொடுத்த டாலர் ஏற்கெனவே வெளியே போனது அந்த வரியில் தெரியாது.

பருப்பை 100 ரூபாய்க்கு விற்று, பச்சைக் கொட்டைக்கு 70 ரூபாய் வெளியே கொடுத்திருந்தால், இங்கே தங்கியது 30. உடைத்த பெண்களின் கூலியும் முதலாளியின் லாபமும் அதற்குள்தான். வெளிநாட்டுத் துணி வாங்கித் தைத்து அனுப்பும் இலங்கை ஆடைக்கும், உதிரிபாகம் இறக்கிப் போன் பூட்டும் வியட்நாமுக்கும் இதே கணக்கு. வியட்நாமின் ஏற்றுமதியில் 70 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்களுடையது என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

முழுக் கணக்குக்கு, பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்த அமைப்பான ஓ.இ.சி.டி.யின் மதிப்புக்கூட்டு வர்த்தகத் தரவு இருக்கிறது, ஆனால் சில வருஷம் பின்தங்கித்தான் வரும். அது கிடைக்காத நாட்டுக்கும் வருஷத்துக்கும், முக்கியப் பொருளின் ஏற்றுமதியிலிருந்து அதன் மூலப்பொருள் இறக்குமதியைக் கழித்து ஒரு வரி போட்டாலே பாதி உண்மை வெளிவரும். முந்திரிக்கு இது சுலபம்: தோடு நீக்கியது 080132, தோட்டோடு வருவது 080131. ஆனால் இறக்கிய கொட்டையில் ஒரு பகுதி பருப்பாகி உள்நாட்டுக் கடைக்கே போகிறது, அந்தப் பகுதியை இறக்குமதித் தொகையிலிருந்து முதலில் எடுத்துவிடுங்கள்.

12. எழுதி முடித்ததும் மறுபடி இறக்குங்கள்

சமர்ப்பிக்கும் வாரத்தில், முதல் தாளில் குறித்த தளங்களுக்குத் திரும்பப் போய் அதே தொடர்களை மறுபடி இறக்குங்கள். கடைசி இரண்டு வருஷ எண்கள் அநேகமாக மாறியிருக்கும், தற்காலிகக் கணக்கு என்று வெளியிட்டதைத் திருத்தியிருப்பார்கள். மாறியிருந்தால் அந்த ஒரு கட்டத்தை மட்டும் திருத்திவிட்டு நிறுத்தாதீர்கள். பங்கு, சராசரி, மாறாப் பங்குக் கணக்கு எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன. கணக்குகளை எக்செல்லில் சூத்திரமாக வைத்திருந்தால் தானாக மாறும். எண்ணாக ஒட்டி வைத்திருந்தால் அன்று ராத்திரி தூக்கம் இல்லை.